தம்பியைத் தேடி நடந்தவர்: முத்துசுவாமி தீட்சிதரின் இன்னொரு கதை

ஓம் சரவணபவ!



முத்துசுவாமி தீட்சிதர்னு சொன்னதும் நம்மில் பல பேருக்கு ஞாபகம் வருவது திருத்தணி கற்கண்டுக் கதைதான். படி ஏறிப் போய் தியானத்தில் உட்கார்ந்திருந்தவர் வாயைத் திறக்கச் சொல்லி ஒரு பெரியவர் கற்கண்டு போட்டார், கண்ணைத் திறந்து பார்த்தால் ஆளைக் காணோம், வந்தது முருகன்தான் என்று புரிந்தது, உடனே பாட்டு ஊற்றெடுத்தது. இது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு ஆடிக் கிருத்திகை இந்தக் கதை பத்து பேர்கிட்ட இருந்தாவது ஃபார்வர்டாகி வரும்.

ஆனா அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சு? முருகன் கையால் கற்கண்டு வாங்கினவர் வீட்ல துக்கமே நடக்கலையா? நடந்தது. நிறையவே நடந்தது. இன்னைக்கு அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். வீட்ல ஒரு இழப்பு வந்ததும், இவ்வளவு கும்பிட்டும் ஏன் இப்படின்னு முருகன்கிட்ட சண்டை போடுற தம்பி தங்கைகள் இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

முதல்ல அப்பா. ராமசுவாமி தீட்சிதர், 1735-ல் பிறந்தவர். பெரிய சங்கீத வித்வான். கச்சேரிக்குக் கச்சேரி நாம முதல்ல கேட்கிற ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கினவர் இவர்தான். திருவாரூரில் வாசம். நாற்பது வயது ஆகும் வரை குழந்தை இல்லை. கணவனும் மனைவியுமா வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய் அங்கே இருக்கிற முத்துக்குமாரசுவாமியை வேண்டிக்கிட்டாங்க. 1775-ல் பங்குனி மாசம் கிருத்திகை நட்சத்திரத்தில் மூத்த பிள்ளை பிறந்தது. கொடுத்தவன் பேரையே வெச்சாங்க, முத்துசுவாமி. அடுத்து சின்னசுவாமி, பாலுசுவாமி, பாலாம்பாள். மூணு பையன், ஒரு பொண்ணு. பையன்கள் மூணு பேர் பேரையும் ஒரு தடவை சொல்லிப் பாருங்க. மூணுமே நம்ம ஆள் வாசனை அடிக்கும்.

இதுல சின்னசுவாமியையும் பாலுசுவாமியையும் நல்லா மனசுல வெச்சுக்கோங்க. இந்தக் கதையே அவங்க ரெண்டு பேரைச் சுத்தித்தான்.

குடும்பம் திருவாரூரிலிருந்து மணலிக்கு வந்தது. இன்னைக்கு மணலின்னா சென்னைக்கு வடக்கே ரிஃபைனரி, லாரி, புகை. அன்னைக்கு அங்கே இருந்த முத்துகிருஷ்ண முதலியார் என்ற செல்வந்தர் ராமசுவாமி தீட்சிதர் பாட்டில் மயங்கி, தன் ஊருக்கே அழைத்துக் குடியமர்த்தினார். கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு உள்ள குடும்பம் அது. முதலியாரின் மகன் இந்தப் பையன்களைக் கோட்டைக்குக் கூட்டிப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்தியம் கேட்க வைப்பாராம். அந்த மெட்டுகளுக்குத்தான் முத்துசுவாமி பிற்பாடு சமஸ்கிருதத்தில் வார்த்தை போட்டார், நோட்டுஸ்வரம் என்று இன்னைக்கும் குழந்தைகள் பாடுகிறார்கள். கடைக்குட்டி பாலுசுவாமிக்கோ அந்தக் கூட்டத்தில் இருந்த வயலின் மேல் கண். ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடம் மூன்று வருஷம் கற்றுக்கொண்டு, அதில் நம்ம ராகங்களை வாசித்துக் காட்டினார். இன்னைக்குக் கர்நாடக சங்கீத மேடையில் பாடகர் பக்கத்தில் ஒரு வயலின் இருக்கிறதே, அதுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முதல் பெயர் பாலுசுவாமி தீட்சிதருடையது.

நடுப் பிள்ளை சின்னசுவாமிக்கு ஒரு கஷ்டம் வந்தது. கண் பார்வை போய்விட்டது. அப்பா என்ன செய்தார் தெரியுமா? திருப்பதிக்குப் போய் ஏழுமலையான் மேல் 48 ராகத்தில் ஒரு ராகமாலிகை பாடினார், பையனுக்குப் பார்வை திரும்பியது என்று அந்தக் குடும்பத்தின் வரலாறு சொல்கிறது. பாட்டு எவ்வளவு நீளம் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் வியப்பார்கள். எனக்கு அதைவிட, குருடான பிள்ளைக்காக ஒரு அப்பா ராகம் மாற்றி ராகம், ராகம் மாற்றி ராகம்னு நிறுத்த மனசில்லாமல் கெஞ்சின கெஞ்சலாத்தான் அது தோணுது.

இதற்கு நடுவில் சிதம்பரநாத யோகி என்ற சன்னியாசி மணலிக்கு வந்து, மூத்த பையனைத் தன்னோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். வரம் கேட்டுப் பெற்ற தலைப்பிள்ளை. பெற்றவர்கள் தவித்தார்கள், கடைசியில் அனுப்பினார்கள். முத்துசுவாமி காசியில் சில வருஷம் இருந்து வேதாந்தமும் ஸ்ரீவித்யையும் கற்றார். கங்கைக்குள்ளிருந்து யாளி முகம் மேல்நோக்கிய ஒரு வீணை அவர் கைக்கு வந்தது. அங்கேயே யோகி சித்தியடைந்தார். குரு போன துக்கத்தோடு, வீணையோடு ஊர் திரும்பினவர் நேராகப் போய் நின்ற இடம்தான் திருத்தணி. கற்கண்டுக் கதைக்கு முன்னாடி ஒரு இழப்பு இருக்கிறதை யாரும் சொல்றதில்லை! குருவை இழந்து வந்தவருக்குக் குகனே குருவாக வந்தான். அதனால்தான் தன் பாட்டு எல்லாவற்றிலும் குருகுஹ என்றே முத்திரை வைத்தார். முருகனையே குருவாகச் சொல்லும் பேர் அது.

திருத்தணிக்கு அப்புறம் காஞ்சிபுரம். அம்மா, அப்பா, தம்பிகள் எல்லாரோடும் காஞ்சியில் சுமார் நான்கு வருஷம். இந்த நாலு வருஷத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி. உபநிஷத் பிரம்மம் என்று புகழ் பெற்ற ராமசந்திரேந்திர சரஸ்வதி அப்போது காஞ்சியில் இருந்தார், 108 உபநிஷத்துகளுக்கும் உரை எழுதிய மகான். அவரிடம் தீட்சிதர் பாடம் கேட்டார். அவர் எழுதிய ராமாஷ்டபதிக்கு மெட்டும் போட்டுக் கொடுத்தார். காமாட்சி மேல் பாட்டு, ஏகாம்பரநாதர் மேல் பாட்டு, வரதராஜர் மேல் பாட்டு. பஞ்சபூதத் தலக் கிருதிகளில் பிருத்வி தலமான ஏகாம்பரத்துக்கு உரியது பைரவி ராகத்தில் இருக்கிறது.

காஞ்சிக்காரர்களுக்குத் தெரியும், ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் நடுவில் குமரகோட்டம். அப்பா, அம்மா, நடுவில் பிள்ளை. ஊரே ஒரு சோமாஸ்கந்தம். கச்சியப்பர் கந்தபுராணம் அரங்கேற்றிய அதே குமரகோட்டம். ஒரு கோயிலிலிருந்து இன்னொரு கோயிலுக்குப் போகிற வழியில் அந்த வாசல் முன்னால் எத்தனை தடவை நின்றிருப்பார்! வீட்டிலும் அப்போது அதே மாதிரிதான், அப்பா அம்மா உயிரோடு, பிள்ளைகள் பக்கத்தில். காஞ்சி நெசவாளர்கள் புடவையின் உடலையும் கரையையும் வேறு வேறு நிறத்தில் நெய்து, இழைக்கு இழை கோத்துச் சேர்ப்பார்கள். கோர்வை என்பார்கள். புடவையே நைந்தாலும் கரை மட்டும் தனியாகப் பிரியாது என்று பெருமையாகவும் சொல்வார்கள். அந்த நாலு வருஷம் தீட்சிதர் குடும்பம் அப்படி இருந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கு. தீட்சிதர் குடும்பம் திருவாரூரை விட்டுக் காஞ்சிக்கு வந்ததுன்னா, அதுக்கு முந்தின தலைமுறையில் இன்னொரு குடும்பம் காஞ்சியை விட்டுத் திருவாரூருக்குப் போயிருந்தது. கலவர காலத்தில் பங்காரு காமாட்சியின் தங்க விக்கிரகத்தைக் காப்பாற்ற, பூஜை செய்த குடும்பம் அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தது. அந்தக் குடும்பத்தில் 1762-ல் திருவாரூரில் பிறந்தவர் சியாமா சாஸ்திரி. வேரோடு பிடுங்கப்பட்டு வேறு ஊரில் முளைத்தவர்கள் நம்ம சங்கீதத்தில் எத்தனை பேர் பாருங்க.

காஞ்சியிலிருந்து குடும்பம் மறுபடி திருவாரூர் வந்தது. 1817-ல் அப்பா ராமசுவாமி காலமானார். 82 வயது. கல்யாணச் சாவுன்னு ஊர் சொல்லலாம். ஆனா அந்த வீட்டைக் கட்டி வெச்சிருந்த முடிச்சு அவர்தான். அவர் போனதும் தம்பிகள் இருவரும் பிழைப்புத் தேடி மதுரைப் பக்கம் போனார்கள். அண்ணன் திருவாரூரிலேயே இருந்தார். ரெண்டு மனைவி, ஒரு பெண் குழந்தை, வருமானம் கிடையாது. மனுஷனைப் பாடிக் காசு வாங்குவதில்லை என்ற பிடிவாதம் வேற. ஒரு நாள் வீட்டில் அரிசியே இல்லை. அவரிடம் பாடம் கற்ற கமலம் என்ற நாட்டியப் பெண்மணி தன் நகையை அடகு வைத்து அரிசி வாங்கித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, தியாகராஜப் பெருமான் சன்னதிக்குப் போய்ப் பாடினார். அன்றைக்கே எதிர்பாராத இடத்திலிருந்து மூட்டை மூட்டையாக மளிகை வந்து இறங்கியதாகச் சொல்வார்கள்.

இப்படித்தான் நாட்கள் போயின. வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வர் அவருடைய சீடர்கள்தான். மத்தளம் வாசிக்கும் தம்பியப்பன் என்ற சீடருக்கு வயிற்று வலி வந்தபோது, ஜாதகத்தைப் பார்த்து குரு பகவான் மேல் ஒரு பாட்டுச் செய்து அவரைப் பாட வைத்தார். நவக்கிரகக் கிருதிகள் பிறந்தது அப்படி. ஊர் வயிற்று வலிக்கு அவரிடம் மருந்து இருந்தது.

1823-ல் மதுரையில் சின்னசுவாமி இறந்துபோனார். 45 வயது. அப்பா 48 ராகம் பாடிப் பார்வை வாங்கிக் கொடுத்த பிள்ளை.

சேர்ந்து பாடி வளர்ந்த அண்ணன் கண் முன்னாலேயே போனதும் பாலுசுவாமிக்கு மதுரையில் இருப்புக் கொள்ளவில்லை. ராமேசுவரம் போகலாம்னு கிளம்பிட்டார். செத்துப்போனவர்களுக்காகக் கடலில் முழுக்குப் போட நம்ம ஜனங்கள் போகிற இடம் அதுதானே. இந்தச் செய்தி திருவாரூருக்கு வந்து சேர எவ்வளவு நாள் ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. போன் இல்லை, தபால் இல்லை. யாராவது யாத்ரீகர் சொன்னால்தான் உண்டு. வந்த செய்தியும் பாதிதான்: ஒரு தம்பி செத்துட்டான், இன்னொருத்தன் எங்கே போனான்னு தெரியலை.

முத்துசுவாமிக்கு அப்போ 48 வயசு. கிளம்பிட்டார். மதுரைக்குப் போனார். அங்கே பாலு இல்லை. தெற்கே போயிட்டாரே என்றார்கள். தேடிக்கொண்டே போனார். ஸ்ரீவித்யா உபாசகர், சித்த புருஷர், மந்திரமெல்லாம் கைவந்தவர், இதெல்லாம் சரி. ஆனா அந்த நடையில் அவர் வெறும் அண்ணன். ஞானிக்கு ஏன் இந்தப் பாசம் என்று வேதாந்தம் பேசுகிறவர்கள் கேட்கலாம். இருந்துட்டுப் போகட்டும். அறுபடை வீட்டுக்காரனே கோபிச்சுக்கிட்டுப் பழனிக்குப் போனவன்தானே, வீடுன்னா அவனுக்குத் தெரியாதா?

இங்கே பாலு என்ன ஆனார்? ராமேசுவரம் யாத்திரை முடிந்து வரும் வழியில் அவர் வாசிப்பு எட்டயபுரம் ராஜாவின் காதுக்கு எட்டியது. எட்டயபுரம் அப்போது ஒரு சின்ன சமஸ்தானம். சுற்றிலும் கரிசல் காடு, பருத்தி, கம்பு, வெயில். காவேரிக் கரையில் வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாத பூமி. ஆனால் ராஜா அந்த வயலினைக் கேட்டுவிட்டு அவரை விடவில்லை. ஆஸ்தான வித்வானாக வைத்துக்கொண்டார். இருக்க வீடு, மரியாதை எல்லாம் கொடுத்ததோடு, தனிமரமாக நிற்கிறவருக்கு ஒரு குடும்பமும் வேண்டும் என்று கல்யாணத்துக்கும் ஏற்பாடு செய்தார்.

தேடி வந்த அண்ணனுக்கு வழியில் இந்தச் செய்தி கிடைத்தது. தம்பி உயிரோடு இருக்கிறான், எட்டயபுரத்தில் இருக்கிறான், அவனுக்குக் கல்யாணம். உடனே எட்டயபுரம் பாதையைப் பிடித்தார். வழியில் சாத்தூர்ப் பக்கம் நிலமெல்லாம் வெடித்துக் கிடந்ததைப் பார்த்து மனசு தாங்காமல் அம்பாளை நினைத்து அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடினார், மழை கொட்டியது என்பது எல்லாரும் சொல்கிற கதை. மழைக் கதையை நம்புகிறவர்களும் உண்டு, சிரிக்கிறவர்களும் உண்டு. நான் நம்புகிற கட்சி. அதோட இன்னொன்றும் நினைச்சுக்குவேன். சின்னவனுக்காகத் திருவாரூரிலிருந்து வற்றிப்போன கண்ணோடு வந்தவர், பாலு இருக்கிறான் என்று கேட்ட பிறகுதானே அந்த இடத்துக்கு வருகிறார். மழை முதலில் அவருக்குள்ளேதான் பெய்திருக்கும்.

மணக்கோலத்தில் நின்ற தம்பியை அண்ணன் பார்த்தார். அந்த நிமிஷத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டியதும் இல்லை.

அந்தக் கரிசல் ஊரோடு தீட்சிதருக்கும் பந்தம் ஏற்பட்டுவிட்டது. அவருடைய கடைசிக் காலம் எட்டயபுரத்தில்தான். அந்த ஊர் அரசர்கள் வழிபட்ட சாமி யார் தெரியுமா? நம்ம கழுகுமலை முருகன். அந்த அரசர்களே கழுகாசலமூர்த்தி மேல் கீர்த்தனைகள் செய்திருக்கிறார்கள். திருத்தணியில் ஆரம்பித்தவன் தெற்கே வந்த பிறகும் விடவில்லை பாருங்க! கழுகுமலை முருகன் மேல் சுத்ததன்யாசி ராகத்தில் ஒரு கிருதி தீட்சிதர் பெயரில் இன்றும் கச்சேரிகளில் பாடப்படுகிறது.

கழுகுமலை தல புராணம் தெரிந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும். தெரியாதவர்களுக்குச் சொல்றேன். ஜடாயு ராவணனோடு போராடி இறந்தார் இல்லையா? அவருடைய அண்ணன் சம்பாதி. சிறகு எரிந்து வேறு எங்கோ கிடந்ததால் தம்பிக்குச் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தைச் செய்ய முடியவில்லை. அந்தப் பாரம் தாங்காமல் ராமபிரானிடம் வழி கேட்க, அவர் இந்த மலையைக் காட்டினார். சம்பாதி இங்கே வந்து தீர்த்தத்தில் மூழ்கி முருகனை வழிபட்டு அந்தப் பாரம் நீங்கினார். கழுகு வழிபட்ட மலை என்பதால் கழுகுமலை. தம்பிக்குக் கடைசியில் பக்கத்தில் இருக்க முடியாமல் போன ஒரு அண்ணனுக்கு ஆறுதல் தந்த மலை. சின்னசுவாமியை இழந்த முத்துசுவாமி வந்து சேர்ந்த ஊர் அந்த மலைக்குப் பக்கம். இதுக்கு மேல நான் என்ன சொல்ல. முருகா!

1835 அக்டோபர் 21, தீபாவளி. காலையில் பூஜை முடிந்தது. சீடர்களைப் பாடச் சொன்னார். அவர்கள் பாடியது கமகக்கிரியா ராகத்தில் மதுரை மீனாட்சி மேல் அவரே செய்த கிருதி. மீனாட்சியின் ஊரில்தான் சின்னசுவாமி போனார். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே தீட்சிதர் சிவபதம் அடைந்தார். அறுபது வயது. பக்கத்தில் பாலுசுவாமி இருந்தார்.

கதை இங்கே முடியலை. தீட்சிதருக்கு ஆண் வாரிசு கிடையாது. பாலுசுவாமிக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு 1839-ல் பிறந்த பையன் சுப்பராமன். பேரனையே தாத்தா தத்து எடுத்துக்கொண்டு, அண்ணன் பாட்டுகள் ஒவ்வொன்றையும் அந்தப் பையனுக்குள் இறக்கினார். பெரிய தாத்தாவைக் கண்ணால் பார்க்காத பையன் அவன். பாலுசுவாமி 1859-ல் மறைந்தார். சுப்பராம தீட்சிதர் எட்டயபுரம் ஆஸ்தான வித்வான் ஆனார்.

பாட்டெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. குடும்பச் சொத்தை வெளியே விட அவருக்கு மனசில்லை. அப்போது சென்னையிலிருந்து ஒருவர் எட்டயபுரம் வந்தார். கிறிஸ்தவர். நம்ம பாட்டுகள் எழுத்தில் ஏறாமல் அழிந்துவிடுமே என்று கவலைப்பட்டவர். ராஜாவிடம் பேசி, ராஜா மூலமாக சுப்பராம தீட்சிதரைச் சம்மதிக்க வைத்தார். அவர் பேர் என்ன தெரியுமா? சின்னசாமி முதலியார். மதுரையில் போன சின்னசுவாமி பேரைச் சுமந்துக்கிட்டு ஒருத்தர் வந்து பெட்டியைத் திறக்கச் சொன்ன மாதிரி இருக்கு எனக்கு.

1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சாகி வந்தது சங்கீத சம்பிரதாய பிரதர்சினி. தெலுங்கு எழுத்தில் சுமார் 1700 பக்கம். தீட்சிதர் கிருதிகள் மட்டும் 229, ஸ்வரத்தோடு, கமகக் குறியோடு. இன்னைக்கு யூடியூபில் நீங்கள் கேட்கிற தீட்சிதர் கிருதிகளில் பலவற்றுக்கு ஆதாரப் புத்தகம் இதுதான். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு வந்த ஒரு வயலின்காரர், தெரியாத ஊரில் ஒரு கல்யாணம் பண்ணிக்கொண்டு மறுபடி வாழ ஆரம்பித்தாரே, அந்த வீட்டிலிருந்து வந்த புத்தகம். சுப்பராம தீட்சிதர் 1906-ல் காலமானபோது, அதே எட்டயபுரத்துப் பிள்ளை பாரதியார் இரங்கல் பாட்டு எழுதினார்.

எட்டயபுரத்தில் தீட்சிதர் சமாதி அட்டக்குளம் பக்கத்தில் இருக்கிறது. பாரதி மணிமண்டபத்துக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசி கூட இங்கே எட்டிப் பார்ப்பதில்லை. திருச்செந்தூர் போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கோவில்பட்டியில் இறங்கினால், காலையில் எட்டயபுரம், சாயங்காலம் கழுகுமலை. குடைவரைக் குள்ளே மேற்கே பார்த்து, ஒரு முகமும் ஆறு கையுமாக உட்கார்ந்திருப்பான். போகும்போது போனில் தீட்சிதர் கிருதி ஒன்றை ஏற்றி வெச்சுக்கிட்டுப் போங்க. மலை ஏற வேண்டியதில்லை, பெரியவர்களையும் கூட்டிப் போகலாம். அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிற வீடாக இருந்தால், அவரையும் கூப்பிட்டுப் பாருங்க.

வேலும் மயிலும் துணை.